மூன்று கண்டெய்னர் காப்பி, ஆறு மாதக் கடல்: ‘ஆவொன்ட்யூர்’ பாய்க்கப்பலின் 2020 பயணம்

2020 ஜூலையில் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுகத்துக்கு இரண்டு பாய்மரங்கள் கொண்ட பழைய சரக்குக் கப்பல் ஒன்று வந்து சேர்ந்தது. பெயர் ‘ஆவொன்ட்யூர்’. நெதர்லாந்தில் 1920இல் கட்டப்பட்ட கப்பல். அந்த ஆண்டு அதற்கு நூறு வயது. உள்ளே இருந்தது மத்திய அமெரிக்காவிலும் மெக்சிகோவிலும் ஏற்றிய பச்சைக் காப்பிக்கொட்டையும், பெலீஸ் நாட்டுக் கொக்கோவும். எல்லாம் சேர்த்து 60 டன்னுக்குக் கொஞ்சம் மேல். ஜனவரியில் ஜெர்மனியை விட்டுக் கிளம்பிய கப்பல் இந்தச் சரக்கோடு திரும்ப ஏறக்குறைய ஆறு மாதம் ஆனது.

இந்த 60 சொச்சம் டன் எவ்வளவு என்று புரிய ஒரு கணக்கு. 20 அடி கண்டெய்னர் ஒன்றில் காப்பி மூட்டைகளை அடுக்கினால் 19 முதல் 20 டன் பிடிக்கும். அதாவது ஆவொன்ட்யூர் கொண்டுவந்தது மூன்று கண்டெய்னர் சரக்கு. அதே 2020இல் ஹாம்பர்க் துறைமுகம் கையாண்டது, 20 அடிப் பெட்டிக் கணக்கில், சுமார் 85 லட்சம்.

அப்படியானால் இதை ஏன் ஒரு நிகழ்வாக எடுத்து ஆராய வேண்டும்? காப்பியைப் பாய்க்கப்பலில் கொண்டுவருவது நடக்கிற காரியம்தான் என்பதை நிரூபித்த சில கப்பல்களில் இது ஒன்று. அதோடு, எதிர்பாராமல் பெருந்தொற்றுக் காலத்தில் மாட்டிக்கொண்டதால், சாதாரண நாட்களில் கண்ணில் படாத சில விஷயங்களை இந்தப் பயணம் வெளியே கொண்டுவந்தது. பாய்க்கப்பல் காப்பியை விற்பவர்கள் முதலில் சொல்வது கார்பன் கணக்கை, அதாவது எரிபொருள் புகை மிச்சம் என்பதை. என் பார்வையில் அதுதான் இந்த வியாபாரத்தின் பலவீனமான வாதம். பலமான வாதம் வேறு இடத்தில் இருக்கிறது.

கப்பலும் கப்பல்காரரும்

ஆவொன்ட்யூர் இரும்பு உடல் கொண்ட ஸ்கூனர் வகைப் பாய்க்கப்பல். நீளம் சுமார் 44 மீட்டர். பல காலம் சரக்கு ஏற்றியது, பிறகு நெதர்லாந்தில் சுற்றுலாப் பயணிகளைச் சுமந்தது. 2014இல் அதை வாங்கியவர் கொர்னேலியுஸ் பொக்கர்மன் என்ற ஜெர்மானியக் கேப்டன். எண்ணெய், எரிவாயுத் துறைக்கான கடல்வேலைகளில் பல ஆண்டு இருந்தவர். அந்தத் துறையை உள்ளே இருந்து பார்த்துச் சலித்துப்போனவர் என்று சொல்லலாம். ‘டிம்பர்கோஸ்ட்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கி, வேசர் ஆற்றங்கரையில் உள்ள எல்ஸ்ஃப்ளேத் என்ற சிற்றூரில் கப்பலை நிறுத்திச் சீரமைத்தார். பல நாட்டிலிருந்து தன்னார்வலர்கள் வந்து துருவைச் சுரண்டினார்கள், பலகை மாற்றினார்கள், கயிறு கட்டினார்கள். 2016இல் கப்பல் மீண்டும் சரக்குக்குப் போனது.

இவர் தனியாள் இல்லை. நெதர்லாந்தின் டென் ஹெல்டரில் மூன்று நண்பர்கள் தொடங்கிய ‘ஃபேர்டிரான்ஸ்போர்ட்’ நிறுவனத்தின் ‘த்ரெஸ் ஓம்ப்ரெஸ்’ என்ற கப்பல் 2009 இறுதியிலிருந்தே ரம், கொக்கோ, காப்பி என்று அட்லாண்டிக்கைக் கடந்துகொண்டிருந்தது. அதில் எஞ்சினே கிடையாது. துறைமுகத்துக்குள் நுழையவும் காற்றுதான், இல்லையென்றால் இழுவைப்படகு. ஆவொன்ட்யூரில் துறைமுக வேலைக்கு ஒரு துணை எஞ்சின் உண்டு. தூய்மைவாதிகள் இதைப் பெரிய வித்தியாசமாகப் பேசுவார்கள். காப்பிக்கு அதனால் ஒன்றும் ஆகப் போவதில்லை.

தூத்துக்குடித் தோணிகளை அறிந்தவர்களுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிக்கொண்டு தோணிகள் இன்றும் மாலத்தீவு போகின்றனவே, சின்னக் கப்பல் பிழைப்பதில் என்ன அதிசயம்? வித்தியாசம் இதுதான்: தோணி பிழைப்பது பெரிய கப்பலுக்கு லாபமில்லாத தடத்தில். சரக்கு சிறிது, துறை சிறிது, தோணியை நடத்தும் தண்டலுக்கு வழி தெரியும். ஆவொன்ட்யூர் ஓடியதோ ஹோண்டுராஸின் புவெர்ட்டோ கோர்ட்டெஸிலிருந்து ஹாம்பர்க் வரை; கண்டெய்னர் கப்பல்கள் சாதாரணமாகச் சரக்கெடுக்கும் துறைமுகங்கள். வேகத்தில் ஜெயிக்க முடியாது, விலையில் ஜெயிக்க முடியாது, சொன்ன தேதிக்கு வருவதிலும் ஜெயிக்க முடியாது. வேறு எதையோ விற்றாக வேண்டும்.

காப்பி ஏன்?

பாய்க்கப்பலுக்குக் காப்பி அமைந்தது தற்செயல் அல்ல. வறுக்காத பச்சைக்கொட்டை சரியாகக் காய்ந்திருந்தால் பல மாதம் கெடாது. வாழைப்பழத்தைப்போல அவசரப்படுத்தாது. எடைக்கு விலை அதிகம், அதனால் கூடுதல் கப்பல் கூலியைத் தாங்கும். சாக்கில் வருவதால் கிரேன் இல்லாவிட்டாலும் ஆளும் கப்பியும் இருந்தால் ஏற்றிவிடலாம். குடிப்பவரும் எங்கே விளைந்தது, யார் விளைவித்தார் என்று கேட்டுப் பழகியவர். நிலக்கரி வாங்குபவர் அதைக் கேட்க மாட்டார்.

எல்லாவற்றையும் விட முக்கியம் பருவம். மத்திய அமெரிக்காவில் காப்பி அறுவடை ஏறக்குறைய நவம்பரிலிருந்து மார்ச் வரை. பறித்து, தோல் நீக்கி, உலர்த்தி, தரம் பிரித்து மூட்டையாக்கினால் வசந்தத்தில் ஏற்றுமதிக்குத் தயார். அட்லாண்டிக் காற்றின் கணக்கும் இதோடு ஒத்துப்போகிறது. குளிர்காலத்தில் ஐரோப்பாவை விட்டுத் தெற்கே இறங்கி கேனரித் தீவுகளை அடைந்தால், அங்கிருந்து வடகிழக்கு வியாபாரக் காற்று முதுகில் வந்து கரீபியன் வரை தள்ளிக்கொண்டு போகும். மூன்று வாரம்போல ஆகும். திரும்பும்போது அதே வழியில் காற்றை எதிர்த்து வர முடியாது. வடக்கே ஏறி, வளைகுடா நீரோட்டம் என்ற கடல் நீரோட்டத்தைப் பிடித்து, மேற்கிலிருந்து காற்று வீசும் அட்சரேகைக்குப் போய், நடு அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ் தீவுகள் வழியாக வளைந்து வர வேண்டும். ஜூனில் புயல் பருவம் தொடங்கிவிடும் என்பதால் அதற்குள் கரீபியனை விட்டுக் கிளம்பியாக வேண்டும். ஆக, குளிர்காலத்தில் போய், வசந்தத்தில் ஏற்றி, கோடையில் வீடு திரும்புவது. நூற்றாண்டுகளாகப் பாய்க்கப்பல்கள் போட்ட வட்டம் இது. காப்பிச் செடியும் அதே நாட்காட்டியில் காய்க்கிறது.

பயணம்

2020 ஜனவரியில் எல்ஸ்ஃப்ளேத்திலிருந்து புறப்பட்ட ஆவொன்ட்யூர் பிப்ரவரியில் கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரிஃப்பில் நின்றது. அங்கே சிலர் புதிதாக ஏறினார்கள். அவர்களில் மெல்பர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர் ஒருவரும் உண்டு. பாய்க்கப்பல் சரக்குப் போக்குவரத்தை நேரில் பார்க்க மூன்று வாரத் திட்டத்தோடு வந்தவர். கரீபியனில் இறங்கிவிடுவதாக ஏற்பாடு.

கப்பலில் இருந்தவர்கள் சுமார் 15 பேர். சிலர் சம்பளத்துக்கு வேலை பார்க்கும் மாலுமிகள். மற்றவர்கள் பணம் கட்டி ஏறி மாலுமி வேலை செய்பவர்கள். ‘ஷிப்மேட்’ என்று அழைக்கிறார்கள். முறை வைத்து இரவு பகலாகச் சுக்கான் பிடிப்பது, பாய் ஏற்றுவது, இறக்குவது, தைப்பது, சமையலுக்கு உதவுவது என்று எல்லோருக்கும் எல்லா வேலையும் உண்டு.

மார்ச் 11 அன்று கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது கப்பல் அட்லாண்டிக்கில் இருந்தது. நடுக்கடலில் இருப்பவர்களுக்குச் செய்தி சொட்டுச் சொட்டாகத்தான் கிடைக்கும். அவர்கள் கரீபியனில் உள்ள பிரெஞ்சு ஆட்சிப்பகுதியான குவாதலூப்பை அடைவதற்குள் உலகம் கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. பிரான்ஸ் மார்ச் 17 முதல் ஊரடங்கில். இறங்க வேண்டியவர்கள் இறங்க முடியவில்லை. ஏற வேண்டியவர்கள் வர முடியவில்லை.

இந்த இடத்தில் கேப்டனுக்கு முன்னால் இருந்த வழிகள் இரண்டு. சரக்கை விட்டுவிட்டு நேராக வீடு திரும்புவது, அல்லது அதே ஆட்களோடு திட்டப்படி போய் ஏற்றிக்கொண்டு வருவது. திரும்பினால் அந்த ஆண்டின் வருமானம் போச்சு. வருடத்துக்கு ஒரு பெரிய சுற்று போகும் கப்பலுக்கு அது ஒரு பயணத்தின் நட்டத்தோடு நிற்காது, வருடமே நட்டம். ஐரோப்பாவில் அந்தக் காப்பிக்கு முன்பணம் கொடுத்துக் காத்திருந்தவர்களும் இருந்தார்கள். கப்பல் தொடர்ந்து மேற்கே போனது.

ஹோண்டுராஸின் புவெர்ட்டோ கோர்ட்டெஸ், பெலீஸ், அப்புறம் மெக்சிகோவின் வெராக்ரூஸ். மூன்று நாட்டிலும் சரக்கு கிடைத்தது. ஆட்களுக்குத்தான் கரை கிடைக்கவில்லை. மூட்டை கப்பலுக்குள் இறங்கத் தடையில்லை, மனிதன் கப்பலை விட்டு இறங்கத் தடை. இது ஆவொன்ட்யூருக்கு மட்டும் நேர்ந்த கொடுமை அல்ல, அதைப் பிறகு பார்க்கலாம்.

ஏற்றும் வேலையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த வியாபாரத்தின் கூலிக் கணக்கு முழுவதும் இதில்தான் இருக்கிறது. மத்திய அமெரிக்காவில் காப்பிச் சாக்கு ஒன்று 69 கிலோ. கண்டெய்னராக இருந்தால் கிடங்கிலேயே மூட்டைகளை அடுக்கி, கதவை மூடி, முத்திரை வைத்துவிடுவார்கள். அதன்பின் ஐரோப்பியக் கிடங்கில் திறக்கும்வரை யாரும் சாக்கைத் தொடுவதில்லை. பாய்க்கப்பலில் ஒவ்வொரு சாக்கும் கை மாறும். கரையிலிருந்து கட்டாகக் கட்டிக் கப்பியில் தூக்கி, சரக்கறை வாய்க்குள் இறக்கி, உள்ளே நிற்பவர்கள் இழுத்து, மூலை முடுக்கெல்லாம் நிரப்பி அடுக்க வேண்டும். இடையில் வெற்றிடம் விட்டால் கப்பல் சாயும்போது மூட்டை நகரும். சரக்கு நகர்ந்தால் கப்பல் ஒரு பக்கம் சாய்ந்தது சாய்ந்தபடியே நிற்கும். அதனால் அடுக்குவது வெறும் சுமைகூலி வேலை இல்லை. கப்பலின் உயிர் அதில் இருக்கிறது. 60 டன் என்பது சுமார் 900 மூட்டை. பதினைந்து பேர்.

வெராக்ரூஸிலிருந்து அசோர்ஸின் ஓர்தா துறைமுகம்வரை மெக்சிகோ வளைகுடாவைக் கடந்து, ஃப்ளோரிடா நீரிணை வழியாக வெளியேறி, அட்லாண்டிக்கைக் குறுக்கே தாண்ட வேண்டும். மணிக்கு ஐந்து கடல்மைல் என்ற சராசரியில் ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். காற்று செத்தால் இன்னும் நீளும். ஓர்தாவுக்குப் பிறகு வடகடல், எல்பே ஆறு, ஹாம்பர்க். மூன்று வாரத்துக்கு ஏறிய ஆய்வாளர் ஐந்து மாதம் கழித்து இறங்கினார்.

ஈரமும் மலபாரும்

பச்சைக்கொட்டை 10 முதல் 12 சதவீதம் ஈரத்தோடு கப்பலேறும். அதற்கு மேல் போனால் பூஞ்சை. வெப்பமண்டலத்திலிருந்து குளிர்நாட்டுக்குப் போகும் எந்தக் கப்பலிலும் உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து இரும்புச் சுவரில் வியர்க்கும். கண்டெய்னரிலும் இது நடக்கும், கூரையிலிருந்து சொட்டும். அதனால் இன்று நல்ல காப்பியைச் சணல் சாக்குக்குள் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் கட்டி அனுப்புகிறார்கள். நூறு வயதுக் கப்பலில் வரும் காப்பி சுவை கெடாமல் வருவதற்குப் பெரிய காரணம் அந்த உறை. படத்தில் சணல் சாக்கு மட்டும்தான் தெரியும்.

உறை இல்லாத காலத்தில் என்ன ஆகும் என்பதற்கு நம் பக்கத்து மேற்குக் கரையிலேயே சாட்சி இருக்கிறது. மலபார் கரையிலிருந்து காப்பி ஏற்றிய பாய்க்கப்பல்கள் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி ஐரோப்பா சேர நான்கு முதல் ஆறு மாதம் பிடித்தது. அத்தனை மாதமும் கடலீரத்தைக் குடித்த கொட்டை பருத்து, பச்சை நிறம் போய் வெளிர்மஞ்சளாகி, புளிப்பு அடங்கி, வேறொரு காப்பியாக இறங்கியது. ஸ்காண்டிநேவிய நாடுகளில் அந்தச் சுவைக்கே பழகிவிட்டார்கள். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது, நீராவிக் கப்பல் வந்தது, பயணம் வாரக்கணக்குக்குச் சுருங்கியது. காப்பி பச்சையாகவே போய்ச் சேர்ந்தது. வாங்கியவர்கள் ‘பழைய சரக்கு எங்கே?’ என்று கேட்டார்கள்.

அதற்கு மங்களூர்ப் பக்கத்துக் காப்பிப் பதனிடும் ஆலைகள் கண்டுபிடித்த பதில் இன்றும் நடக்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை, பக்கச்சுவர் திறந்த கிடங்குகளில் கொட்டையைப் பரப்பி, கிளறி, பிறகு தளர்வாகச் சாக்கில் கட்டி அடுக்கி, தென்மேற்குப் பருவக்காற்று ஊடுருவ விடுகிறார்கள். 12 முதல் 16 வாரத்தில் கொட்டை பொன்னிறமாகிவிடும். ‘மான்சூண்ட் மலபார்’ என்ற பெயரில் புவிசார் குறியீடும் வாங்கிவிட்டது. பாய்க்கப்பல் செய்த கெடுதலைக் கப்பலே இல்லாமல் செய்து, கூடுதல் விலைக்கு விற்கும் தொழில் என்று இதைச் சொன்னால் மங்களூர்க்காரர்கள் கோபிப்பார்களோ என்னவோ, ஆனால் வரலாறு அதுதான்.

இந்தியக் காப்பியை இன்று பாய்க்கப்பலில் ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியுமா என்று கேட்பவர்களுக்கான பதிலும் இதில் இருக்கிறது. செங்கடலின் வடபாதியில் ஆண்டின் பெரும்பகுதி காற்று வடக்கிலிருந்து எதிர்த்து வீசும். கால்வாயில் பாய் விரித்துப் போக முடியாது. பாய்க்கப்பலுக்குச் சூயஸால் ஒருபோதும் பெரிய லாபம் இருந்ததில்லை. ஆப்பிரிக்காவைச் சுற்றினால் பழையபடி நான்கைந்து மாதம். பாய்க்கப்பல் காப்பி என்பது காற்றின் காரணமாகவே அட்லாண்டிக் சமாச்சாரம்.

பணக் கணக்கு

சாதாரண நாளில் மத்திய அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு ஒரு 20 அடிப் பெட்டிக்கு 2,000 டாலர் வாடகை என்று வைத்தால், கிலோ காப்பிக்குச் சுமார் 10 சென்ட். இனி பாய்க்கப்பல். மாலுமி சம்பளம், உணவு, துறைமுகக் கட்டணம், காப்பீடு, கப்பலைத் தண்ணீருக்கு வெளியே நிறுத்திச் செய்யும் பழுதுபார்ப்பு எல்லாம் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு லட்சம் யூரோ ஆகும் என்று வைத்துக்கொள்வோம். இது கம்பெனியின் கணக்கு இல்லை, கை விரலில் போட்ட கணக்கு. 65 டன்னால் வகுத்தால் கிலோவுக்கு மூன்று யூரோ. கண்டெய்னரைப்போல முப்பது மடங்கு.

முப்பது மடங்கு என்றதும் இது வேலைக்காகாது என்று தோன்றும். ஆனால் ஜெர்மனியில் வறுத்த காப்பிக்குத் தனியாக ஒரு வரி இருக்கிறது: கிலோவுக்கு 2.19 யூரோ. எந்தக் கடையிலும் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, கட்டிவிட்டுக் குடிக்கிறார்கள். பாய்க்கப்பல் கூலி அந்த வரியின் அளவுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது. ஒரு கிலோவில் நூறு கோப்பை போடலாம் என்றால் கோப்பைக்கு மூன்று, நான்கு சென்ட் கூடுதல். கடையில் உட்கார்ந்து குடிக்கும் ஒரு கோப்பைக்கு மூன்று யூரோ கொடுப்பவருக்கு இது கண்ணுக்கே தெரியாது.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். 2020 நடுவில் நியூயார்க் சந்தையில் அராபிகா காப்பி ஒரு பவுண்டு எடைக்கு ஒரு டாலர் அளவில் கிடந்தது. கிலோவுக்கு இரண்டேகால் டாலர். அதாவது செடி நட்டு, மூன்று நான்கு வருடம் காத்திருந்து, பறித்து, உலர்த்திக் கொடுத்தவருக்குச் சந்தை தந்ததைவிடக் கடலைக் கடக்க ஆன கூலி அதிகம். இதில் ஏதோ தலைகீழாக இருக்கிறது அல்லவா? ஆவொன்ட்யூரில் சரக்கேற்றியவர்களில் ஒரு பகுதியினர் இந்த இடத்தில்தான் சரியான வேலை செய்தார்கள். ஜெர்மனியின் ‘டெய்கெய்’ காப்பிக் கூட்டமைப்பு சந்தை விலையைப் பார்த்து வாங்குவதில்லை. உறுப்பினர்கள் ஓர் ஆண்டுக்கு வேண்டிய காப்பிக்கு முன்கூட்டியே ஒப்புக்கொள்கிறார்கள்; அந்த நம்பிக்கையில் மெக்சிகோ விவசாயிகளிடம் விலை பேசுகிறார்கள்; வெராக்ரூஸில் பாய்க்கப்பலில் ஏற்றுகிறார்கள்.

என் கணிப்பில் இந்தக் காப்பி விற்றதன் ரகசியம் முன்பணம்தான். கப்பல் ஆறு வாரம் தாமதமானால் கடைக்காரருக்குத் தலைவலி. வருடம் முழுவதற்கும் காப்பிக்குப் பெயர் கொடுத்த குடும்பத்துக்கோ அது ஒரு செய்தி. கப்பல் எங்கே வருகிறது என்று வரைபடத்தில் பார்ப்பார்கள். 2020இல் அந்தக் கப்பல் மாதக்கணக்கில் ஆட்கள் கரையிறங்க முடியாமல் வந்தபோது இந்த வாடிக்கையாளர்கள் காத்திருந்தார்கள். தேதி தவறினால் அபராதம் போடும் சூப்பர் மார்க்கெட்டுக்கு இப்படிச் சரக்குக் கொடுக்க முடியாது.

கார்பன் வாதம்

உலகப் பசுங்குடில் வாயுக்களில் கப்பல் போக்குவரத்தின் பங்கு ஏறத்தாழ 3 சதவீதம். சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி 2018இல் 2.89. பெரிய அளவுதான், குறைத்தாக வேண்டியதுதான். ஆனால் அதை வைத்து ஒரு கிலோ காப்பிக்குக் கணக்குப் போட்டால் வேறு படம் தெரிகிறது.

புவெர்ட்டோ கோர்ட்டெஸிலிருந்து ஹாம்பர்க் சுமார் 10,000 கிலோமீட்டர். கண்டெய்னர் கப்பல் ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 10 முதல் 20 கிராம் கார்பன் டை ஆக்சைடு விடும் என்று கொண்டால், கிலோ காப்பிக்கு 100 முதல் 200 கிராம். ஒரு கோப்பைக்கு ஒன்றிரண்டு கிராம். பாய்க்கப்பல் மிச்சப்படுத்துவது அதைத்தான். அதே கோப்பையில் 100 மில்லி பால் ஊற்றினால், லிட்டர் பாலுக்கு ஒன்று முதல் மூன்று கிலோ என்ற கணக்கில், 100 முதல் 300 கிராம். டிகாக்‌ஷனில் பால் ஊற்றிக் குடிக்கும் நமக்கு இது நல்ல சேதி இல்லை. தோட்டத்தில் போடும் உரம், காப்பிக்காக அழித்த காடு, வீட்டில் தேவைக்கு மேல் கொதிக்கவைக்கும் தண்ணீர், இவை ஒவ்வொன்றும் கடல் பயணத்தை முந்திவிடும்.

பெரிய கப்பலின் திறன் அப்படி. இருபதாயிரம் பெட்டிகளை ஒரே உடலில் ஏற்றினால் ஒரு மூட்டைக்கு விழும் எரிபொருள் மிகச் சின்னது. அதனால் ‘பாய்க்கப்பலில் வந்த காப்பி, அதனால் பசுமைக் காப்பி’ என்று பையில் அச்சிடுவது எனக்கு ஒப்பவில்லை. பொய் என்று சொல்ல மாட்டேன். சின்ன உண்மையைப் பெரிய எழுத்தில் போடுவது.

ஆள்

பதினைந்து பேரில் பலர் சம்பளம் வாங்காதவர்கள், சொல்லப்போனால் சம்பளம் கொடுத்தவர்கள். மேலே போட்ட மூன்று யூரோக் கணக்கு இந்த ஏற்பாட்டில்தான் நிற்கிறது. ஒவ்வொருவருக்கும் கடலோடிக்குரிய சம்பளம் கொடுத்திருந்தால் கூலி இன்னும் ஏறியிருக்கும். பாய்க்கப்பல் வேலையைக் கற்றுக்கொள்ள இன்று வேறு இடம் அதிகம் இல்லை, அதனால் பணம் கட்டி வருபவர்கள் ஏமாறவில்லை. ஆனாலும் விவசாயிக்கு நியாய விலை என்று பேசும் ஒரு பை காப்பியில் மாலுமியின் உழைப்பு இலவசமாகச் சேர்ந்திருப்பதைக் கவனிக்காமல் போக முடியாது.

இதே ஆண்டில் உலகம் முழுவதும் சரக்குக் கப்பல்களில் ஒப்பந்தம் முடிந்தும் இறங்க முடியாமல் சிக்கியவர்கள் ஒரு கட்டத்தில் சுமார் நான்கு லட்சம் பேர். ஃபிலிப்பைன்ஸ், இந்தியா, இந்தோனேசியா, சீனா, உக்ரைன் நாட்டுக் கடலோடிகள். ஒரு வருடத்துக்கு மேல் கப்பலிலேயே இருந்தவர்களும் உண்டு. கடைகளில் காப்பி தீரவில்லை என்பதால் அவர்களைப் பற்றிக் காப்பி குடித்தவர்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை. ஆவொன்ட்யூரின் பதினைந்து பேரைப் பற்றிச் செய்தி வந்தது, படங்கள் வந்தன. துறைமுகங்கள் இரு தரப்பையும் ஒரே மாதிரிதான் நடத்தின.

நான் பலமான வாதம் என்று சொன்னது இதைத்தான். பாய்க்கப்பல் காப்பியை வாங்குபவருக்குக் கடலில் ஒரு ஆள் இருக்கிறார் என்பது தெரிகிறது. கூலி எவ்வளவு, யார் ஏற்றினார், ஏன் தாமதம் என்று கேட்க ஓர் இடம் கிடைக்கிறது. கண்டெய்னரில் அந்தச் செலவு கிலோவுக்குப் பத்து சென்ட்டாகச் சுருங்கியபோது அந்த ஆளும் சேர்ந்தே மறைந்துபோனார்.

அதற்குப் பிறகு

பழைய கப்பலின் அபாயத்தைச் சொல்லாமல் இந்த ஆய்வு முடியாது. 2024 மே 21 அன்று ‘டி காலண்ட்’ என்ற ஸ்கூனர், 1916இல் கட்டப்பட்டது, கொலம்பியாவிலிருந்து ஐரோப்பா திரும்பும் வழியில் பஹாமாஸ் அருகே திடீர்ச் சூறைக்காற்றில் சிக்கி மூழ்கியது. எட்டுப் பேரில் ஆறு பேரை அமெரிக்கக் கடலோரக் காவல்படை மீட்டது. இரண்டு பெண் மாலுமிகள் கிடைக்கவில்லை. இதுவும் இதே வியாபாரத்தில், ஏறக்குறைய இதே பருவத்தில், இதே மாதிரிச் சரக்கோடு ஓடிய கப்பல்தான். நூறு வயது உடலைச் சரக்குக்கு அனுப்புவதன் விலை யூரோவில் மட்டும் வருவதில்லை.

புதிதாக வந்தவர்கள் பழைய உடலை விட்டுவிட்டார்கள். பிரான்ஸின் பிரிட்டனிப் பகுதியைச் சேர்ந்த ‘க்ரேன் த செய்ல்’ நிறுவனம் சொந்தமாகக் காப்பி வறுத்து, சாக்லேட் செய்து விற்கிறது. அதன் முதல் கப்பல் 2020 நவம்பரில், அதாவது ஆவொன்ட்யூர் திரும்பிய நான்கு மாதத்தில், செயின்ட் மாலோவிலிருந்து வைன் ஏற்றிக்கொண்டு நியூயார்க் கிளம்பியது. அலுமினிய உடல், 50 டன். 2024இல் வந்த இரண்டாவது கப்பல் 350 டன் ஏற்றும். அதே ஆண்டு பிரான்ஸின் லு ஆவ்ர் துறைமுகத்திலிருந்து கடலுக்குப் போன ‘டோட்’ நிறுவனத்தின் ‘அனெமோஸ்’ 81 மீட்டர் நீளம். ஆயிரம் டன்னுக்கு மேல் ஏற்றும், ஏழு மாலுமிகள் போதும். அதன் முக்கிய வாடிக்கையாளர்களில் ஒன்று பிரான்ஸின் போர்தோ நகரைச் சேர்ந்த ‘பெல்கோ’ என்ற காப்பி இறக்குமதி நிறுவனம்.

ஆயிரம் டன்னுக்கு ஏழு பேர், 65 டன்னுக்குப் பதினைந்து பேர். கூலிக் கணக்கு இங்கே தலைகீழாக மாறுகிறது. மூட்டைகள் பேலட் என்ற மரப்பலகைத் தட்டில் கட்டப்பட்டு கிரேனில் இறங்குகின்றன, பாய்களை இயந்திரம் இழுக்கிறது, மாலுமிகள் எல்லோரும் சம்பளக்காரர்கள். இந்தக் கப்பலிலும் பணம் கட்டி ஏறலாம், பன்னிரண்டு பேருக்கு அறை இருக்கிறது, பயணியாக மட்டும்.